அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை எழுதிப் பாருங்கள்

எங்கள் பகுதிப் பள்ளிகளுக்குப் பொது வினாத்தாள் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நடந்து முடிந்த இடைப்பருவத் தேர்வின் அறிவியல் தாளைப் பற்றித்தான் இந்த மடல். எந்த வினாக்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலையே பல பள்ளிகளிலிருந்து உங்களுக்குப் போன் வந்திருக்கும். ஒன்று பொருத்துக, இன்னொன்று இதயப் படத்தில் எண் போட்ட பாகங்களுக்குப் பெயர் எழுதுவது.

இதயத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். இதயப் படத்தை அவளுக்கு நான் ஒருமுறைதான் சொல்லிக்கொடுத்தேன். அவள் மற்றவர்களுக்குப் பத்து முறை சொல்லிக்கொடுத்திருப்பாள். படத்தில் நம் இடக்கைப் பக்கம் தெரிவதுதான் இதயத்தின் வலப்பக்கம் என்பதில் பாதி வகுப்பு தடுமாறும். அவள் ஒருத்தியை எதிரே நிற்க வைத்து, "உன் வலது கை எனக்கு எந்தப் பக்கம் இருக்குது பாரு" என்று காட்டியே புரிய வைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் எனக்கு அந்த யோசனை வரவில்லை.

தேர்வில் வந்தது புத்தகத்தின் வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தது. நல்ல ரத்தத்துக்கான சிவப்பும் அசுத்த ரத்தத்துக்கான நீலமும் ஒரே கறுப்பாகிவிட்டன. 3 என்ற எண்ணிலிருந்து வரும் கோடு வலது வெண்ட்ரிக்கிளுக்கும் (இதயத்தின் கீழறை) இடது வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவில் உள்ள சுவரில் போய் நிற்கிறது. 4ஆம் எண்ணின் கோடு 2ஆம் எண்ணின் கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது. பாடம் தெரியாத பிள்ளைக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை, ஏதோ ஒரு பெயரை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். தெரிந்த பிள்ளைதான் மாட்டிக்கொண்டாள். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளாம். கடைசியில் 3க்கு நேராக "வலது வெண்ட்ரிக்கிள், கோடு சுவரைக் காட்டினால் இடைச்சுவர்" என்று இரண்டையும் எழுதினாள்.

விடைக்குறிப்பில் வலது வெண்ட்ரிக்கிள் மட்டும் இருந்தது. இரண்டு விடை எழுதினால் மதிப்பெண் கிடையாது என்றும் இருந்தது. அந்தச் சுழியைச் சிவப்பு மையில் போட்டது நான்தான். அங்கே போன நேரத்தால் அவளுடைய ஏழு மதிப்பெண் வினா பாதியில் நின்றுவிட்டது. விடைத்தாள் கொடுத்த அன்று அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. நிழல் போட்ட படத்துக்குப் பதில் கோட்டுப் படம். கோட்டின் நுனி அந்தப் பாகத்துக்கு உள்ளே போய், ஒரு சின்னப் புள்ளியோடு நிற்க வேண்டும். எண்கள் படத்துக்கு வெளியே இருக்கட்டும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சான தாளைப் பாடம் தெரிந்த ஒருவர் பேனா எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும். 3ஆம் எண்ணில் அவர் கையும் நின்றிருக்கும். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

அப்புறம் அந்தப் பொருத்துக. இடப்பக்கம் இரத்தத் தட்டுகள், ஓம், இன்சுலின், மெண்டல், சுட்ட சுண்ணாம்பு. வலப்பக்கம் பட்டாணிச் செடி, கால்சியம் ஆக்சைடு, கணையம், இரத்தம் உறைதல், மின்தடையின் அலகு. இரத்தத்துக்கு இரத்தம் என்று சொல்லே காட்டிக்கொடுக்கிறது. ஐந்தில் ஆளைக் குறிப்பது மெண்டல் ஒன்றுதான், செடி வளர்த்தது ஆளாகத்தானே இருக்க முடியும்? புத்தகத்தைத் திறக்காத பையனும் ஐந்துக்கு இரண்டு மூன்று வாங்கிவிடுவான், வாங்கினான். ஐந்தும் ஐந்து ஊர்ச் சரக்காக இருந்தால் அது பொருத்துக அல்ல.

இரண்டு பக்கமும் சரியாக ஐந்து ஐந்து வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நான்கு தெரிந்தவனுக்கு ஐந்தாவது தானாக விழுந்துவிடும். மூன்று தெரிந்தவன் மிச்சம் இரண்டை ஏதோ ஒரு வரிசையில் எழுதினால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மறுபக்கம், ஒன்றைத் தவறாகப் பொருத்தினால் இன்னொன்றும் கட்டாயம் தவறும். ஐந்துக்கு நான்கு வாங்கவே முடியாத வினா அது. ஒரே ஒரு பிழை செய்த பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் போகிறது. வலப்பக்கம் ஏழு விடை வைத்தால் இரண்டு சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஹார்மோன் பாடத்தையே எடுங்கள். தைராக்சினுக்குத் தைராய்டு, அட்ரினலினுக்கு அட்ரீனல் என்று வைத்தால் பெயரே விடை சொல்லும். இன்சுலின், குளுக்கோகான், கால்சிடோனின், வளர்ச்சி ஹார்மோன் என்று இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் சுரப்பிகளை மட்டும் வைத்து, "ஒரு விடையை ஒருமுறைக்கு மேலும் எழுதலாம்" என்று மேலே ஒரு வரி சேருங்கள். இன்சுலினும் குளுக்கோகானும் கணையத்திலிருந்துதான் வருகின்றன என்று படித்தவளுக்குத் தெரியும், குத்துமதிப்பாக எழுதுபவன் அங்கே நிற்பான். அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டால் அதுவே அநியாயமாகிவிடும்.

என் சமூக அறிவியல் தோழி இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே ஒன்று எழுதிக்காட்டினார். ஆம்பூர் போர், ஆற்காடு முற்றுகை, வந்தவாசிப் போர், வேலூர் புரட்சி. எதிரே 1749, 1751, 1757, 1760, 1799, 1806 என்று ஏறுவரிசையில் ஆறு ஆண்டுகள். நான்குமே பழைய வட ஆற்காட்டு மண்ணில் நடந்தவை. மிச்சமான 1757 பிளாசிப் போர் நடந்த ஆண்டு, 1799 திப்பு இறந்த ஆண்டு. இரண்டையும் அவர் சும்மா போடவில்லை. திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் இருந்ததை நினைத்து, புரட்சியை 1799 என்று எழுதும் பிள்ளை எங்கே குழம்பியது என்று அடுத்த நாளே தெரிந்துவிடும். நான்கு வரியில் இவ்வளவு செய்ய முடிகிறதே என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. பொருத்துகவின் ஒரு பகுதி இரண்டாம் பக்கத்தின் அடியிலும் மிச்சம் தாளைத் திருப்பினால் அடுத்த பக்கத்திலும் வந்திருந்தது. பிள்ளைகள் அரைமணி நேரம் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆய்வுக்கூட்டத்தில் வினாவாரியாக மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு, "இந்த வினாவில் உங்கள் பிள்ளைகள் ஏன் குறைவு?" என்று எங்களைக் கேட்டார்கள். எழுந்து நின்று பதில் சொன்னோம். வினா சரியா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு மதிப்பெண் உண்டு, ஆசிரியருக்குத் தேர்ச்சி விழுக்காடு உண்டு. வினாத்தாளைத் திருத்த மட்டும் ஆள் இல்லை.

கோபத்தில் அதிகம் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நீங்களும் பகலில் வகுப்பு எடுத்துவிட்டு இரவில் உட்கார்ந்து வினா எழுதும் ஆசிரியர்கள்தான் என்று தெரியும். இரண்டு நாளில் தாள் வேண்டும் என்று உங்களையும் யாரோ விரட்டியிருப்பார்கள்.

எழுதிப் பார்க்க ஆள் வைத்தால் வினா வெளியே போய்விடும் என்று நீங்கள் தயங்கலாம். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் நம் பகுதியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, அச்சான தாளையே கையில் கொடுத்து, குழுவின் முன்னால் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். அவர் எங்கே தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறாரோ, அந்த வினாவைத் திருத்திவிடுங்கள்.

ஜனவரியில் திருப்புதல் தேர்வு வருகிறது. அந்தத் தாளிலிருந்தாவது இதைத் தொடங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை