பன்னிரண்டு சிவப்பு நாற்காலிகளுக்கு நன்றி

அன்புள்ளவர்களுக்கு,

மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் நாடகத்தை நின்று பார்த்தவர்களுக்கும், அந்தப் பக்கமே வராமல் உதவியவர்களுக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். மூன்று வாரம் தாமதம். மறுநாளே எனக்குக் காய்ச்சல், அப்புறம் முகூர்த்த நாட்களுக்கான ரவிக்கைத் துணிகள் தையல் மிஷின் பக்கத்தில் மலையாகக் கிடந்தன. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண் நிற்பாள். சேலையை விரிப்பாள், மடிப்பாள், மறுபடி விரிப்பாள். "வாங்கம்மா, என்ன பாக்குறீங்க?" என்பதுதான் மொத்த வசனமும். காலையில் சொல்கிற குரலில் தொடங்கி, ராத்திரி சொல்கிற குரல் வரை. இருபத்தைந்து நிமிஷத்தில் ஒருத்திகூட உட்கார மாட்டாள்.

நான் பதினோரு வருஷம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை செக்‌ஷனில் நின்றவள். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தது கேமராவில் தெரிந்தால் சம்பளத்தில் பிடித்தம். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு எழும்பிய பிறகுதான் வேலையை விட்டேன். அதனால் முதல் நன்றி, இன்னும் நின்றுகொண்டிருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு.

உங்கள் பெயரைப் போட முடியாது. போட்டால் திங்கட்கிழமை உங்களுக்கு வேலை இருக்காது. சாப்பாட்டு நேரம் அரை மணியில் பத்து நிமிஷத்தை எங்களுக்குக் கொடுத்தீர்கள். திருப்புவனம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே பேசினீர்கள். நான் பார்த்த காலத்தில் இல்லாத ஒரு தந்திரத்தை உங்களில் ஒருத்தி சொன்னாள். "கீழ் ரேக் பாத்துட்டு வரேன்" என்று சொல்வதாம். அடித்தட்டில் சேலை தேடுகிற மாதிரிக் குனிந்து, கவுண்டர் மறைவில் ஒரு நிமிஷம் குத்தவைத்து எழுந்திருப்பது. தோழிக்கு ரொம்ப முடியவில்லை என்றால், "நீ போய்க் கீழ் ரேக் பாரு" என்று அனுப்பி வைப்பது. நாடகத்தில் கூட்டம் சிரித்த ஒரே இடம் அதுதான். சிரித்தவர்களில் யூனிஃபார்ம் சேலை கட்டியிருந்தவர்கள்தான் அதிகம்.

சட்டத்தைப் பாடமாக எடுத்த வக்கீல் அக்காவுக்கு அடுத்த நன்றி. எங்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021 செப்டம்பரில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சட்டமன்றம் சேர்த்தது. கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. ஆலைத் தொழிலாளிக்கு 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தன் 44-வது பிரிவில் இதைச் சொல்லிவிட்டது. மில்லிலிருந்து ஜவுளிக்கடைக்கு நாற்காலி வந்துசேர எழுபத்து மூன்று வருஷம்! அக்கா சொன்ன இன்னொன்றுதான் நாடகத்தின் முதுகெலும்பு ஆனது. "வாய்ப்புக் கிடைக்கும்போதுன்னு போட்டிருக்கு பாருங்க. அது வாய்ப்பா இல்லையான்னு கடையில யாரு முடிவு பண்றா?" என்று கேட்டார். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "சூப்பர்வைசர்" என்றோம். அதனால்தான் எங்கள் நாடகத்தில் நாற்காலி இருக்கிறது, உட்காருதல் இல்லை.

கோழிக்கோட்டுப் பெண்களை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும் அவர்களை விட்டுவிட்டு இந்த மடல் எழுதினால் நன்றி கெட்டதனம். மிட்டாய்த்தெருவு என்று இனிப்பான பெயர் அந்தக் கடைவீதிக்கு. அங்கே வேலை செய்த பெண்களுக்கு ஒதுங்கக் கழிப்பறை கிடையாது. கேட்டால், தண்ணீரைக் குறைத்துக் குடி என்று பதில். அதே தெருவில் தையல் வேலை செய்த விஜி 2009-ல் மற்ற பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம், நம் வாய்க்கும் அது பெண்கூட்டுதான். கழிப்பறையில் தொடங்கியது நாற்காலிக்கு வந்தது. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு சேலைக்கடையின் ஊழியர்களான ஆறு பெண்கள், உட்காரும் உரிமைக்காக நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். 'இரிப்பு சமரம்', அதாவது உட்காரும் போராட்டம் என்று அதற்குப் பெயர். 2018-ல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அதற்குப் பிறகுதான். இங்கே மேடையில் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஆறு பேரை ஒரு வரியில்கூட நினைப்பதில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

பயிற்சிக்கு மொட்டைமாடி கொடுத்த செல்லூர்ப் பாட்டிக்கு நன்றி. பறைச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்து, "சாவு வீடா இது?" என்று கேட்டார். பாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கடை வீடு" என்றது. அவருக்குப் புரியவில்லை, போய்விட்டார். பறை அடித்த தங்கை, ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரி நைட் டூட்டிக்குப் போகிற வழியில் வந்து இரண்டு மணி நேரம் அடித்துவிட்டுப் போனாள். கடிகார முள்ளின் சத்தத்தைப் பறையில் கொண்டுவந்தது அவள் யோசனை. நாங்கள் மணிதான் அடிக்க நினைத்திருந்தோம். நல்லவேளை.

நாடகத்தை ஒழுங்குபடுத்திய ஆசிரியை, தொண்ணூறுகளில் நாடக இயக்குநர் அ. மங்கையின் 'மௌனக்குரல்' குழு பெண்சிசுக் கொலையைப் பற்றிப் போட்ட நாடகத்தைப் பார்த்தவர். "வீட்டுல பெண்கள் செய்யற காரியத்தையே மேடைக்குக் கொண்டாந்துட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு வசனத்து மேல நம்பிக்கை போச்சு" என்பார். நான் எழுதிக்கொண்டு போன நான்கு பக்க வசனத்தை அவர் கிழித்துப்போட்டபோது கோபம் வந்தது உண்மைதான். இப்போது இல்லை, டீச்சர்.

அனுமதி விஷயத்தில் ஒரு காவல் நிலையத்துக்கு ஐந்து தடவை நடந்தோம். அதைப் பற்றி எழுதினால் மடல் நீண்டுவிடும். ஆறாவது தடவை எங்களோடு வந்தவர் வார்டு கவுன்சிலர். மதுரை மாநகராட்சியின் நூறு வார்டில் பாதி பெண்களுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். பல வார்டுகளில் போனை எடுப்பது கணவர் என்பதும் தெரியும். இவர் வீட்டிலும் கணவர்தான் எடுத்தார், "நான் வந்து பேசறேன்" என்றார். வந்து நின்றது அந்த அம்மா. ஸ்டேஷனில் நாற்காலி போடச் சொன்னார்கள். "நாற்காலிக்குத்தானே வந்திருக்கோம், மொதல்ல அவங்களுக்குப் போடுங்க" என்று எங்களைக் காட்டினார். அரை மணி நேரத்துக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த தேர்தலில் எந்தக் கட்சியில் நின்றாலும் என் ஓட்டு அவருக்கு. இதை என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று எங்கள் கூட்டத்தில் பெரிய விவாதமே நடந்தது. நாம் வருஷம் முழுக்கச் சமைக்கிறோம், நமக்கு யார் மடல் எழுதினார்கள் என்று ஏழு பேர் கேட்டார்கள். ஐந்து பேர் எழுதலாம் என்றார்கள். சரி, மூன்று வாரம் குழம்பு வைத்தீர்கள், ஒரு வாரம் உப்பும் போட்டீர்கள். நன்றி. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமியார்களுக்கும் மதினிமார்களுக்கும் வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

டீக்கடை அண்ணன் பாட்டை நிறுத்தினார், கடைக்கு முன்னால் இருந்த இரண்டு பல்பையும் எங்கள் பக்கம் திருப்பிக் கட்டினார். ஜெராக்ஸ் கடையில் துண்டறிக்கைக்குப் பேப்பர் காசு மட்டும் வாங்கினார்கள். உண்டியலில் விழுந்தது 3,840 ரூபாய். செலவு போக மீதி 610, அடுத்த ஆட்டத்துக்கு வைத்திருக்கிறோம்.

கடைசிக் காட்சியில் நாற்காலிகளைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் ஒதுங்கிவிடுவோம். யாராவது வந்து உட்கார்ந்தால் ஆட்டம் முடிந்தது என்று கணக்கு. ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. பறையும் நின்றுவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போது யூனிஃபார்ம் சேலையில், தலை பாதி நரைத்த ஓர் அம்மா, கையில் டிபன் பையோடு வந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். காலை நீட்டினார். போன் அடித்ததும் சடாரென்று எழுந்து நின்றுவிட்டார். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. பேசி முடித்து, எங்களைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்து, மறுபடி உட்கார்ந்தார். அதன் பிறகு மற்ற பதினொன்றும் நிரம்பின. அந்த அம்மா எந்தக் கடை என்று நாங்கள் விசாரிக்கவில்லை, யாரும் விசாரிக்கவும் வேண்டாம்.

போன வாரம் ஒரு தங்கை சொன்னாள், அவள் வேலை பார்க்கிற கடை மாடியில் நான்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்களாம். நிற்பவர்கள் முப்பது பேர். ஸ்டூல் நான்கும் தூணுக்குப் பின்னால் இருக்கிறதாம். எங்களால் வந்தது என்று சொல்ல மாட்டேன். வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி ஒரு பாக்கி. நாற்காலிகளை வாடகை வாங்காமல் கொடுத்தவர், கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் முனிச்சாலை அண்ணன். பன்னிரண்டு வாங்கினோம், பதினொன்றுதான் திருப்பிக் கொடுத்தோம். இரவு பத்தே காலுக்குக் கூட்டம் கலைந்தபோது ஒன்றைக் காணவில்லை. அண்ணன் பரவாயில்லை என்றார், ஆனாலும் மீதிப் பணத்திலிருந்து விலையைக் கொடுத்துவிட்டோம். ஆகவே மேலே சொன்ன 610 இப்போது 160 ரூபாய். அந்தச் சிவப்பு நாற்காலியை எடுத்தவர், அதைக் கடைக்குள் கொண்டுபோய் கீழ் ரேக் பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தால், திருப்பித் தர வேண்டாம். வீட்டு மாடியில் துணி காயப்போட வைத்திருந்தால் மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
பன்னிரண்டு பேருக்காக,
முன்னாள் பட்டுச்சேலை செக்‌ஷன், மதுரை