பொன்னாடை போதும், மாசியில் கடன் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த கிழமை உங்கள் பத்திரிகையில் மகளிர் தினக் கௌரவிப்புப் படம் ஒன்று வந்தது. பொன்னாடையோடு நிற்கிற பெண்களில் வலப்பக்கமிருந்து இரண்டாவது ஆள் நான். கீழே ‘சாதனைப் பெண் தொழில் முயற்சியாளர்கள்’ என்று போட்டிருந்தீர்கள். நன்றி. மகள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஆனால் மேடையில் பேசிய எட்டுப் பேரில் ஒருவர்கூட, நாங்கள் யாருடைய காசில் தொழில் செய்கிறோம் என்று கேட்கவில்லை. உண்மையில் அன்றைக்கு நான் புதுக்குடியிருப்புக்குக் கச்சான் (நிலக்கடலை) பார்க்கப் போயிருக்க வேண்டிய நாள்.

நான் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் விற்கிறேன். ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் அங்கே நின்று, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போகும். இறங்குகிற சனம் ஒரு பை கச்சானாவது வாங்கும். 2014 இல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபோது எங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். படுக்கவில்லை. சாரதிமாருக்குப் பிள்ளையாரைத் தாண்டிப் போகப் பயம். 2022 இல் எண்ணெய் இல்லாமல் பஸ்கள் நின்றபோதுதான் உண்மையாகவே படுத்தோம்.

வறுக்கிறது இந்தத் தொழிலில் சின்ன வேலை. தாச்சியில் மணல் சூடேறுகிற பதம் பிடிபட்டால் போதும். சூட்சுமம் எல்லாம் வாங்குகிறதில் இருக்கிறது. புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பக்கம் மாசி, பங்குனியில் கச்சான் பிடுங்குவார்கள். அந்த இரண்டு மூன்று கிழமையும் முற்றமெல்லாம் கச்சான் காயும். விதைத்தவருக்குக் காசு அவசரம், விலை இறங்கி நிற்கும். கையில் காசு உள்ளவர் மூடை மூடையாக எடுத்து அடுக்கிவிடுவார். இல்லாதவர் ஆவணி வந்ததும் அதே கச்சானை அவரிடமே கிலோக் கணக்கில் கூடின விலைக்கு வாங்கி வறுக்க வேண்டும். வெயிலில் நின்று வறுக்கிறவள் நான், லாபம் மாசியில் காசு வைத்திருந்தவருக்கு.

அந்தக் காசைக் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். என் சொந்தத்தில் அரச உத்தியோகம் பார்க்கிறவர் பெரியப்பாவின் மருமகன் ஒருவர்தான். அவர் ஏற்கெனவே மூன்று பேருக்குக் கையெழுத்து வைத்து நொந்துபோனவர். சரி, சீதனக் காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்டேன். கணவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குக் கீழ் வரும் எங்களுக்கு 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அப்படித்தான். மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. என்னவரை நான் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், யுத்தம் முடிகிற நேரம், வட்டுவாகலில். கையெழுத்துக்கு எங்கே போக? நீதிமன்றத்தில் அனுமதி எடுக்கலாம் என்று அந்த அலுவலரே இரக்கப்பட்டுச் சொன்னார். சட்டத்தரணிக்குக் கொடுக்கிற காசுக்கு மூன்று மூடை கச்சான் வாங்கலாம்.

நுண்கடன்காரர் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். பிணை வேண்டாம், ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஆளுக்காள் பொறுப்பு நின்றால் சரி. 2016 இல் 60,000 ரூபா எடுத்தேன். அடுத்த கிழமையே கட்டுக்காசு தொடங்கிவிட்டது. வாங்கின மூடை வாய் அவிழ்க்காமல் கிடக்கிறது, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் காசு வேண்டும். ஆவணிக்கென்று வைத்ததைப் பங்குனியிலேயே வந்த விலைக்குத் தள்ளினேன். பிறகு காப்புச் சோடி அடகுக்குப் போனது. குழுவில் ஒருத்தி கட்டாமல் விட்டால் மற்ற நாலு பேரும் அவள் வாசலில் போய் இருக்க வேண்டும். நானும் ஒருநாள் போய் இருந்திருக்கிறேன். அவளுடைய கடைசிப் பிள்ளை எங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தது.

2018 இல் அரசாங்கம், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் மூன்று மாதத்துக்கு மேல் கட்ட முடியாமல் போன பெண்களின், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நல்ல விஷயம். காப்பை வைத்து ஒழுங்காகக் கட்டினவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. காப்பு இன்னும் கைக்கு வரவில்லை.

கடைசியில் கை கொடுத்தது ஊரிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். தந்தது 25,000 ரூபாதான். ஆனால் மாசியில் தந்து, ஆடியிலிருந்து கட்டச் சொன்னார்கள். அந்த ஆவணியில்தான் முதல் தடவையாக என் சொந்த மூடையை அவிழ்த்தேன். இன்றைக்கு வறுக்கவும் பை கட்டவும் இரண்டு பெண்கள் என்னிடம் வருகிறார்கள். ஒருத்திக்குக் கணவர் இல்லை, மற்றவளுக்கு இருந்தும் இல்லை. கச்சான் தருகிற மூன்று வீட்டிலும் விதைக்கிறதும் பிடுங்குகிறதும் பெண்கள்தான். அந்தத் தாச்சியை நம்பி என் வீட்டோடு சேர்த்து ஆறு வீட்டில் உலை கொதிக்கிறது.

மீள்குடியேறி வந்த காலத்தில் எங்களுக்குத் தையல் மெசின் தந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஒன்பது. தைக்கத் துணி கொண்டுவரத்தான் ஆளில்லை. அதனால் இன்னொரு மெசினோ பயிற்சி வகுப்போ நான் கேட்கவில்லை. நெல் விதைக்கிறவருக்கு அறுவடை முடிந்து கட்டுகிற பயிர்ச்செய்கைக் கடன் இருக்கிறது. கச்சான் வறுக்கிறவளுக்கும், மிளகாய்த்தூள் இடிக்கிறவளுக்கும், கருவாடு போடுகிறவளுக்கும் அதேபோல அவரவர் பருவம் பார்த்துத் தந்து, பருவம் பார்த்து வாங்கினால் என்ன? உத்தியோகத்தரின் கையெழுத்துக்குப் பதிலாக எங்கள் கொப்பியைப் பாருங்கள். 2017 இலிருந்து ஒவ்வொரு நாள் வரவும் செலவும் எழுதி வைத்திருக்கிறேன், பஸ் ஓடாத நாட்கள் உட்பட.

எந்த வங்கி முகாமையாளரும் கடைக்கு வந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குக் கோயிலடியில் சனம் கூட, பேச நேரமிராது.

இப்படிக்கு,
கச்சான் வியாபாரி ஒருத்தி,
முறிகண்டி.