கடைசி வாரம் எதற்கு என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பிள்ளைகள் முன்னால் உங்களை சார் என்றுதான் கூப்பிடுகிறேன். கடிதத்தில் தம்பி என்றே எழுதுகிறேன், நீங்களும் என்னை அக்கா என்றுதானே கூப்பிடுகிறீர்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் சத்துணவுக் கூடத்து வாசலில் நின்றுகொண்டு கேட்டீர்கள்: "பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே லீவு விட்டுட வேண்டியதுதானே அக்கா? அந்தக் கடைசி வாரத்தால யாருக்கு என்ன பிரயோஜனம்?" நான் முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதே கேள்வியைப் பெற்றோர்களும் கேட்கிறார்கள், மற்ற பள்ளி ஆசிரியர்களும் கேட்கிறார்கள். அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் பார்த்த கடைசி வாரம் வீண்தான். ஆசிரியர் தேர்ச்சிப் பதிவேட்டோடும் இருப்புப் பதிவேட்டோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏற்ற வேண்டியது பாதி நிற்கும். பிள்ளைகளிடம் "சத்தம் போடாம உக்காருங்க, வாய்ப்பாடு எழுதுங்க" என்று சொல்லிவிடுவோம். ஏற்கனவே மனப்பாடமாகத் தெரிந்த வாய்ப்பாட்டை அவர்கள் மூன்றாவது தடவை எழுதுவார்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டு அலமாரியைத் துடைக்கச் சொல்வோம். சித்திரை வெயிலில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளைக்கு நாம் கொடுப்பது இதுதான் என்றால், வீட்டிலேயே இருக்கட்டும். பல வருஷம் நானும் இப்படித்தான் செய்தேன். அந்தப் பிள்ளைகளின் நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஏப்ரல் 30தான் கடைசி வேலை நாள். தேர்வு அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே முடிந்துவிடும். மிச்ச நாட்களில் வருகை பாதியாகிவிடும். கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்றும், 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி நேரம் என்றும் சொல்கிறது. நாள் கணக்கைக் காட்டத்தான் இந்த இழுவை என்று நம் ஆட்களே பேசுவது அதனால்தான். 2025இல் வெயிலுக்காகத் தொடக்க வகுப்புகளின் தேர்வை முன்னுக்கு இழுத்து, ஏப்ரல் 7இல் தொடங்கி 17இல் முடித்தார்கள். தேர்வு முடிந்ததும் பிள்ளைகளுக்கு விடுமுறை. வெயில் நியாயமான காரணம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வருஷம் ஒன்று கைநழுவிப் போனது. அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. உங்களிடம் சொல்ல வந்ததும் அதைத்தான்.

காலாண்டுத் தாள் பிள்ளை கைக்குப் போகிறது. அரையாண்டுத் தாளும் போகிறது. லீவு முடிந்து வந்ததும் கொடுக்கிறோம், அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். முழு ஆண்டுத் தாள் மட்டும் போவதே இல்லை. எழுதுகிறார்கள், நாம் திருத்துகிறோம், கட்டிப் பீரோவில் வைக்கிறோம், அவ்வளவுதான். நம் மாநிலத்தில் எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. 2019இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். நல்ல வேளை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பாஸ் பெயிலுக்கும் அந்தத் தாள் வேண்டாம், தப்பைத் தெரிந்துகொள்ளவும் அது பிள்ளைக்குக் கிடைக்காது என்றால், பிள்ளை எதற்குத்தான் அந்தப் பரீட்சை எழுதியது?

இது எனக்குப் புத்தியில் உறைத்தது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியால்தான். அந்த வருஷம் தேர்வு முடிந்து ஆறு நாள் மிச்சம் இருந்தது. 34 பேரில் 11 பேர்தான் வந்திருந்தார்கள். அன்றைக்கு என்னவோ தோன்றி, கணக்குத் தாள் கட்டைப் பிரித்து அந்த 11 பேருடைய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினேன்.

அவள் தாளில் 5004இல் 1687 போக மீதி 4683 என்று இருந்தது. சிவப்பு மையில் நான் தப்புப் போட்டிருந்தேன். அதே கேள்வியை அவளிடம் நீட்டி, "எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. "நாலுல இருந்து ஏழு போகாது டீச்சர். அதனால ஏழுல இருந்து நாலு போனா மூணு. எட்டுல இருந்து ஜீரோ போனா எட்டு. ஆறுல இருந்து ஜீரோ போனா ஆறு. அஞ்சுல ஒண்ணு போனா நாலு." ஏன் திருப்பிப் போட்டே என்று கேட்டேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெருசுல இருந்துதானே சின்னதைக் கழிக்கணும்? நீங்கதான் ரெண்டாவதுல சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். ஓர் இலக்கக் கழித்தல் நடத்தும்போது சொன்னது. மூன்று வருஷமாக அதை வேதவாக்காகக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே ஓடிப்போய் அவளுடைய கணக்கு நோட்டில் மடித்து வைத்திருந்த அரையாண்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். 3002இல் 1456 போக 2454. அதே தப்பு, அதே வழியில். பக்கத்தில் என் கையெழுத்தில் "கவனம் தேவை" என்று இருந்தது. அவள் கவனத்தில் ஒரு குறையும் இல்லை தம்பி. நான் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள்.

பழைய நோட்டு அட்டையைக் கத்தரித்து ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று எழுதிச் சீட்டு செய்தோம். ஐந்து ஆயிரம் சீட்டும் நாலு ஒன்று சீட்டும் அவள் கையில். "எனக்கு 1687 ரூபாய் கொடு" என்றேன். ஏழு ஒன்று கேட்டால் நாலுதான் இருக்கிறது. பத்தை மாற்றலாம் என்றால் பத்தே இல்லை. நூறும் இல்லை. கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளாகவே ஓர் ஆயிரத்தை எடுத்துப் பத்து நூறாக மாற்றினாள். அதில் ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றினாள், ஒரு பத்தைப் பத்து ஒன்றாக மாற்றினாள். இப்போது தரையில் நாலு ஆயிரம், ஒன்பது நூறு, ஒன்பது பத்து, பதினாலு ஒன்று. எனக்குக் கொடுக்க வேண்டியதை எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணினாள். 3317. "அப்போ ஜீரோ மேல ஒன்பது போடுறது இதுக்குத்தானா டீச்சர்?" என்றாள். கடன் வாங்கிக் கழித்தலில் ஜீரோவை அடித்து ஒன்பது போடுவதைப் பலகையில் எத்தனை தடவை செய்து காட்டியிருப்பேன். ஏன் ஒன்பது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மொத்தம் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அரையாண்டுத் தாளைக் கொடுத்தபோதே நான் ஏன் இதைக் கண்டுபிடிக்கவில்லை? ஒரே பீரியடில் 34 பேருக்குத் தாள் கொடுத்தால் பிள்ளைகள் மார்க்கை மட்டும்தான் பார்ப்பார்கள். பக்கத்துப் பையன் எவ்வளவு, கூட்டல் சரியாக இருக்கிறதா, அதோடு சரி. நமக்கும் அடுத்த பாடம் ஓட வேண்டும். கடைசி வாரத்தில் மார்க்குக்கு மதிப்பே கிடையாது. ரேங்க் இல்லை, நடத்த வேண்டிய பாடம் இல்லை, பிள்ளைக்கும் பயம் இல்லை. தப்பை மறைக்க வேண்டிய அவசியம் இல்லாத பிள்ளைதான் "நீங்கதான் சொன்னீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். வருஷத்தில் வேறு எந்த வாரத்திலும் அந்த நிதானம் எனக்கு வாய்த்ததில்லை.

எண்ணும் எழுத்தும் 2022இல் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துத்தான் கற்பிக்கிறோம். கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க வந்த திட்டம் அது. அதில் எனக்குப் பிடித்ததே, பிள்ளை எங்கே நிற்கிறது என்று முதலில் கேட்பதுதான். கடைசி வாரத்திலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன். செயலியில் டிக் போடுவதற்காகக் கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பள்ளி ஐந்தோடு முடிகிறது. ஆறாவதுக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறது, வலது முழங்கையில் உள்ள மச்சம் கூட இருக்கிறது. இந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டித்தான் படிக்கும், ஆனால் கதை கேட்டால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்லும் என்று எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை. ஐந்து வருஷம் நாம் தெரிந்துகொண்டதெல்லாம் நம் தலையிலேயே நின்றுவிடுகிறது. அங்கே இருக்கிற ஆசிரியர் ஜூன் மாதம் முதலிலிருந்து தொடங்குகிறார். அந்த மரத்தடி வருஷத்திலிருந்து நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைத்தாளில் ஒரு குறிப்பு எழுதி அந்தப் பள்ளியில் கொடுத்துவிட்டு வருகிறேன். என்ன தெரியும், எங்கே தடுக்கும், எதற்கு அழும், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் அதை எழுத முடிகிறது. பதிவேட்டைப் பார்த்து எழுத வராது.

போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். டவுன் பஸ்ஸில் நாலு ஸ்டாப். முதல் தடவை போனபோது புத்தகம், வாத்தியார் பற்றியெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒரு பையன் கேட்டது: "தண்ணி எங்க டீச்சர் குடிக்கணும்?" பெண் பிள்ளைகள் இரண்டு பேர் என் புடவையைப் பிடித்து இழுத்துக் கழிவறை எங்கே என்று காதில் கேட்டார்கள். போய்க் காட்டினேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் விழுகிறதா என்று தாங்களே போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் அவர்கள் ஒருவரும் பாதியில் நிற்கவில்லை. இதனால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூன் மாதம் அவர்கள் அந்த கேட்டுக்குள் பயப்படாமல் போனதை நானே நின்று பார்த்தேன்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து நம்மைப் போன்ற எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு கொடுக்கிறார்கள். மதியம் சத்துணவு, முட்டை. பள்ளி மூடினால் இரண்டு அடுப்பும் அணைந்துவிடும். நம் காலனிப் பிள்ளைகளில் நாலு பேர் வீட்டில் பெரியவர்கள் விடியற்காலையிலேயே செங்கல் சூளைக்குப் போய்விடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தேர்வு முடிந்த பிறகும் வந்த அந்த 11 பேர் யார் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். படிப்பில் ஆர்வம் அதிகம் என்று நான் நினைத்தவர்கள் அதில் மூன்று பேர்தான். மற்றவர்கள் சாப்பாட்டுக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததாலும் வந்தவர்கள். நம் கவனம் அதிகம் தேவைப்படுகிற பிள்ளைகள் அவர்கள்தான். கடைசி வாரத்தில் அவர்கள் மட்டும் தனியாக நம் கையில் கிடைக்கிறார்கள். அவர்களை வாய்ப்பாடு எழுத வைத்துவிட்டு நாம் பதிவேடு எழுதலாமா?

பதிவேடும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பீர்கள், சரிதான். பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடித்துப் போன பிறகு எழுதுவோம். எப்படியும் அவர்களுக்கு லீவு விட்ட பிறகு நமக்கு மட்டும் வேலை நாள் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டை அப்போது சரிபார்க்கலாம்.

இந்த வருஷம் தேதி எப்படி அமையும் என்று பார்ப்போம். தேர்வுக்குப் பிறகு நாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் ஒரு வழி வைத்திருக்கிறேன். 2025இல் 7ஆம் தேதியிலிருந்து 17 வரை தேர்வு என்றால் தினமும் தேர்வு இல்லை, நடுவில் மகாவீர் ஜெயந்தியும் சித்திரை முதல் நாளும் வேறு வந்தன. அன்றைய தாளை அன்று இரவே திருத்தி, அடுத்த தேர்வு நாளில் எழுதி முடித்த பிறகு மதியச் சாப்பாடு வரை இருக்கிற நேரத்தில் பிள்ளையிடம் காட்டிப் பேசினேன். தாள் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக் கட்டி வைத்தேன். கடைசித் தேர்வுத் தாளுக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. கணக்கும் தமிழும் முன்னாலேயே முடிந்துவிட்டதால் பெரிய நஷ்டம் இல்லை.

உங்கள் நாலாம் வகுப்பில் 29 பேர். எல்லோரோடும் உட்கார முடியாது. முதலில் எட்டுப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள், யார் யார் என்று உங்களுக்கே தெரியும். சீட்டு நான் வெட்டி வைத்திருக்கிறேன், ஆயிரம், நூறு, பத்து, ஒன்று, ஆறு செட். என் பீரோவில் கீழ்த்தட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. கணக்குத் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் தாள் கட்டோடு என் வகுப்புக்கு வாருங்கள். முதல் இரண்டு தாளைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா