பொப்பிசை இரசிகர் மன்றம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மழையையும் பாராது வந்திருக்கும் உறுப்பினர்களே,

ஆட்சிக்குழு இவ்வாண்டு ஐந்து தடவை கூடியது. தைப்பொங்கலன்று வாசிகசாலை முன்றலில் சிறுவர் பாட்டுப்போட்டி நடந்தது. ஒலிபெருக்கி திருத்தப்பட்டது. காலமான இரு உறுப்பினர்களின் வீடுகளுக்கும் மன்றத்தின் சார்பில் மலர்வளையம் கொண்டுசென்றோம்.

போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் வைக்கும் பாட்டுக் கேட்கும் கூட்டம் பன்னிரண்டு நடந்திருக்க வேண்டும். ஒன்பதுதான் நடந்தது. பங்குனிக் கூட்டத்தில் நித்தி கனகரத்தினம் பாடிய ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ பாட்டைப் போட்டோம். போயா நாளில் நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. முன்வரிசையில் இருந்த பெரியவர், “இண்டைக்குப் போகச் சொன்னாலும் போகேலாது தம்பி” என்றார். மண்டபமே சிரித்தது. பாட்டு வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அதற்கு ஊரில் பதில் சொல்ல ஆளிருக்கிறது. அதனால்தான் இந்த மன்றமும் இருக்கிறது.

எங்கள் இளமையில் பெரியவர்கள் இந்தப் பொப்பிசைப் பாட்டுகளைக் ‘காவாலிப் பாட்டு’, அதாவது உருப்படாதவர் பாட்டு, என்றார்கள். நான் அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்தில் நித்தி கட்டிய ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் நடக்கிற கதை. மாமி, மகள், கேட்கிற பெடியன், அவ்வளவுதான். ஏ.ஈ. மனோகரன் பாடித் தமிழ்நாடு வரை கொண்டுபோன ‘சுராங்கனி’யில் மீன் வாங்கி வந்த சேதி இருக்கிறது. ‘மாலு’ என்றால் சிங்களத்தில் மீன் என்று தெரியாமலே அதைப் பாடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். போர்த்துக்கேயர் வழி வந்த பைலாத் தாளத்தில் மாமியையும் மீனையும் கள்ளையும் வைத்துப் பாடினால் அது எங்கள் வீட்டுப் பாட்டு இல்லாமல் வேறென்ன?

இவ்வாண்டின் முக்கிய பணிக்கு வருகிறேன். பழைய கசற்றுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை மாசியில் தொடங்கினேன். உறுப்பினர் வீடுகளிலிருந்து 46 கசற்றுகள் கிடைத்தன. இந்த வேலையில் அவசரம் செல்லாது. அறுபது நிமிடக் கசற் ஒன்றை மாற்ற அறுபது நிமிடமும் பக்கத்தில் இருக்க வேண்டும். பலவற்றின் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித்துண்டு சிலவற்றில் கழன்று விழுந்திருந்தது. ஐந்து ஆணியையும் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, பென்சிலால் சுற்றி, கசற் போடும் டெக்கில் நாடாவைப் படிக்கிற ‘ஹெட்’டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, இப்படி 31 கசற் முடிந்திருக்கிறது. மூன்றை நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்தோம். அங்கே இரண்டின் நாடா மெஷினில் மாட்டி அறுந்தது. அதன்பின் வெளியில் கொடுக்கவில்லை.

இவற்றில் இரண்டைப் பற்றிச் சபைக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

ஒன்று, வானொலிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்தது. பாட்டு நடுவழியில் போகும்போது ஓர் அம்மாவின் குரல்: “மாட்டுக்குத் தண்ணி வைச்சியே?” ஒரு பெடியன் “ஓம்” என்கிறான். வைக்கவில்லை என்பது அந்த ‘ஓம்’மிலேயே தெரிகிறது. பின்னால் சேவல் கூவுகிறது. அந்த இரைச்சலை வெட்டித் துப்புரவாக்க வேண்டும் என்று ஆட்சிக்குழுவில் ஒருவர் பிடிவாதமாக நின்றார். நான் வெட்டவில்லை. பாட்டு வேறு இடங்களிலும் கிடைக்கும், அந்த அம்மா வேறெங்கும் கிடைக்கமாட்டார். என் முடிவைச் சபை ஏற்கும் என்று நம்புகிறேன்.

மற்றது 1991ஆம் ஆண்டுக்குரியது. போர்க்காலம், மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரெக்கோடரை ஓடவிட்டு, பெடியள் தகர டின்னில் தட்டிப் பாடியிருக்கிறார்கள். சுற்றுகிறவர் களைத்தால் நாடா மெல்ல ஓடும். மெல்ல ஓடிப் பதிந்தது இன்று வேகமாகக் கேட்கும். முதலில் ஆம்பிளைக் குரல், பிறகு கிளிக்குரல், ஆள் மாறியதும் திரும்ப ஆம்பிளைக் குரல். ஒரு பாட்டுக்குள் நான்கு பேர் சுற்றியிருக்கிறார்கள் என்று கணக்குப் பண்ணினேன். அவர்களில் ஒருவர் எமது உறுப்பினர். அவருக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். மற்ற மூவரில் இருவர் இன்று இல்லை என்றார்.

உறுப்பினர் வரவு குறித்துச் சொல்லாமல் விட முடியாது. பதிவில் 52 பேர். ஆடிப் போயாக் கூட்டத்துக்கு நானும் பொருளாளரும் பாய் விரித்து, தேத்தண்ணி ஊற்றி வைத்து ஆறு மணி வரை இருந்தோம். வந்தவர் மூவர். அன்று மாலை ஊர்க் கலியாண வீடொன்றில் எமது உறுப்பினர் பதினைந்து பேர் ‘சுராங்கனி’க்கு ஆடியதை நான் கண்ணால் கண்டேன். ஆடியது மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பாட்டைக் காப்பாற்றுகிற இடத்துக்கும் ஒரு மணித்தியாலம் வரலாம்.

மாதச் சந்தா 100 ரூபா. ஒரு வெறும் தேத்தண்ணியும் வடையும் அதைவிடக் கூட. முழுதாகக் கட்டியவர் 17 பேர். வெளிநாட்டு அன்பர்கள் சிலர் தொலைபேசியில் “அனுப்புறன் அண்ணை” என்று சித்திரையில் சொன்னார்கள். அந்தச் சொல்லை இன்னும் நம்பியிருக்கிறோம்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. சிறு துண்டுவிழலை இப்போதைக்கு நான் பொறுத்துள்ளேன்.

மண்டபம் தந்த வாசிகசாலை நிர்வாகத்துக்கும், ஒலியமைப்புத் தம்பிக்கும், பாய் தந்த அயலவருக்கும், என் வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி. டெக்கின் ‘பெல்ட்’ தளர்ந்துவிட்டது. புதிதாக இங்கே கிடைப்பதில்லை, திருத்திய பழைய டெக் ஒன்றைக் கொழும்பில் பார்த்து வைத்திருக்கிறேன். மீதி 15 கசற்றும் அது வந்தால்தான் நகரும். எனக்கும் வயது 68, செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்பது நல்லது. ஆனால் இந்த வேலை முடியும்வரை நிற்கச் சபை சொன்னால் நிற்பேன். அலுமாரி மேலே கசற் வைத்திருப்பவர்கள் வெயில் படாமல் பொலித்தீனில் சுற்றித் தாருங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், சந்தாப் புத்தகமும் என்னிடமே இருக்கிறது.

செயலாளர்