பொருளியல் வகுப்பில் வரலாறும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் பருவம் முழுக்க லெக்ராஞ்சி பெருக்கி, வகைக்கெழு என்று கணிதமாகவே ஓடியது. கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை; அது இல்லாமல் தரவைத் தொடவே முடியாது. ஆனால் 1929, 2008 உலகப் பொருளாதார நெருக்கடிகளை ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்டு, அப்புறம் மறுபடி சமன்பாடுதான்.

பாசன வாய்க்கால்களையும் மீன்பிடி இடங்களையும் ஆராய்ந்து, பொதுவளத்தை மக்களே காக்க முடியும் என்று காட்டி, 2009-இல் நோபல் பெற்றவர் எலினோர் ஆஸ்ட்ரம். பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண். அவர் பெயரை நூலகத்தில் தற்செயலாகத்தான் பார்த்தேன். நின்றபடியே நாற்பது பக்கம் படித்தேன், கால் வலித்தது தெரியவில்லை.

பொருளாதார வரலாற்றைக் கட்டாயத் தாளாக வையுங்கள்.

– ஒரு முதுகலை மாணவி