வெள்ளக் காட்சியில் ஆண்டைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் களனி கங்கை பெருகுகிறதோ இல்லையோ, என்னுடைய பழைய வீடியோ பெருகிவிடுகிறது. 2016 மே மாத வெள்ளத்தில் வெல்லம்பிட்டியில் நான் எடுத்த காட்சி அது. மழை கண்டதும் யாராவது அதைத் தேடிப் பிடித்து, மேலே "சற்று முன்" என்று சிவப்பில் எழுதி, பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும். ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மா போன மழைக்கு அதை எனக்கே அனுப்பி, "தம்பி, சாமான்களை மேல்மாடிக்கு ஏத்திட்டீங்களோ?" என்று கேட்டார். நான் இருப்பது கொட்டாஞ்சேனையில், மேட்டுப் பக்கம். அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் செருப்பு நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். பழைய காட்சியைப் புது வீடியோவில் போடக் கூடாது என்று நான் சொன்னால் என் அடுப்பு எரியாது. அறுபதாம் கல்யாணம் என்று வருகிற பிள்ளைகள், அப்பா அம்மாவின் கல்யாணக் கசெட்டைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். கொழும்பு ஈரக் காற்றில் பல கசெட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். துடைத்து, ஓடவிட்டு, கணினிக்கு எடுத்து, புதிதாக எடுத்த காட்சிகளுக்கு நடுவே வைப்பேன். பழையது நாலுக்கு மூன்று அளவில் இருக்கும், புதியது பதினாறுக்கு ஒன்பது. இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டால், "அண்ணா, அந்தக் கறுப்பை எடுத்துவிடுங்கோ" என்பார்கள். இழுத்து நிரப்பினால் மாப்பிள்ளைக்குக் கன்னம் வீங்கிவிடும். அதனால் கறுப்பை விட்டுவிட்டு, கீழே ஆண்டைப் போட்டுக் கொடுப்பேன். இதுவரை யாரும் ஆண்டை எடுக்கச் சொன்னதில்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மண்டபத்தில் உள்ளவர்களே கைதட்டுகிறார்கள்.

வெள்ளக் காட்சிக்கு வருகிறேன். பின்னால் ரோவானு புயலாக மாறிய தாழமுக்கம் 2016 மே நடுப்பகுதியில் நாட்டையே நனைத்தது நினைவிருக்கும். அரநாயக்கவில் மலை சரிந்ததும் அதே மழையில்தான். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, சேதவத்தைப் பக்கம் கங்கை வீடுகளுக்குள் வந்தது. நான் எடுக்க ஒப்புக்கொண்டிருந்த ஒரு கல்யாணம் தள்ளிப்போனது, மாப்பிள்ளை வீடு வெல்லம்பிட்டியில் என்பதால். பாணும் தண்ணீர்ப் போத்தல்களும் கொண்டு போன பொடியன்களோடு வள்ளத்தில் நானும் ஏறினேன். கல்யாணத்துக்கு என்று சார்ஜ் போட்டு வைத்திருந்த கமரா கையில் இருந்தது. ஒரு சில்லறைக் கடையின் பெயர்ப்பலகை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஒருவர் காஸ் சிலிண்டரை ரயர் டியூபில் மிதக்க வைத்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு தாய் பிள்ளையைத் தோளில் ஏற்றி மார்பளவு தண்ணீரில் வந்தாள். "கான் பக்கம் போகாதே, இங்கால வா!" என்று மாடியில் இருந்து ஒரு பெரியவர் கத்திக்கொண்டே இருந்தார். தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத வடிகால் கானில்தான் ஆட்கள் விழுவார்கள், அது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அதை வெட்டி ஒட்டி, வலது கீழ் மூலையில் இடத்தின் பெயரும் "மே 2016" என்றும் எழுதி இணையத்தில் போட்டேன். நிவாரணம் சேர்க்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான்.

இப்போது ஓடுவது அந்த வீடியோ, ஆனால் அந்த உருவத்தில் இல்லை. மூலையில் இருந்த ஆண்டு போவதற்காகப் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள வீடியோதான் என்று கணினி கண்டுபிடிக்காமல் இருக்க இடம் வலமாகத் திருப்பியும் போட்டிருக்கிறார்கள். கடைப் பலகையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி நிற்கின்றன. அதற்கும் கீழே ஆயிரக்கணக்கானோர் "கடவுளே காப்பாற்று" என்று எழுதியிருக்கிறார்கள், ஒருவர்கூடப் பலகையை வாசிக்கவில்லை. தூரத்தில் தண்ணீர் ஏறாத வீதியில் ஓட்டோக்கள் வலது பக்கமாக ஓடுகின்றன. இலங்கையில்! எனக்கு மிகவும் கோபம் வந்தது ஒலியில்தான். கானைப் பற்றிக் கத்திய அந்தப் பெரியவரின் குரலை எடுத்துவிட்டு சைரன் சத்தத்தைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சியில் யாருக்காவது பயன்படக்கூடிய ஒரே விஷயம் அவர் சொன்னதுதான்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். திகதி இல்லாவிட்டாலும் படம் தானே வயதைச் சொல்லும், பார்க்கிற கண் வேண்டும். என் காட்சியில் ஓர் இடத்தில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு பின்னால் முழு உயரத்தில் நிற்கிறது. அந்த மேடு 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று சரிந்து வீடுகளை மூடி முப்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அது சரியாமல் நிற்கிற படம் எப்படி "சற்று முன்" ஆகும்? அதேபோல தாமரைக் கோபுரம் அரைகுறையாக நின்றால் அந்தப் படம் 2019க்கு முந்தியது. காலிமுகத்திடலில் இருந்து வடக்கே பார்க்கும்போது துறைமுக நகரத்தின் மண் இல்லாமல் வெறும் கடல் தெரிந்தால் அதைவிடப் பழையது. வீதியில் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தால் எந்தக் காலம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கோப்பின் "உருவாக்கிய திகதி"யை மட்டும் நம்ப வேண்டாம். எடிட் செய்து வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பு புதிதாகப் பிறக்கிறது. என் கணினியில் உள்ள கல்யாணக் கசெட்டுகளுக்குக்கூடப் போன மாதத் திகதிதான் இருக்கிறது.

அப்படிப் போட்ட ஒரு சனலுக்கு எழுதிக் கேட்டேன். "அண்ணை, வெள்ளம் எண்டா வெள்ளம்தானே, எல்லா வருசமும் ஒரே மாதிரித்தானே இருக்கு" என்று பதில் வந்தது. ஒரே மாதிரி இல்லை, தம்பி. சேதவத்தையில் ஆற்றோரம் இருக்கிற ஒருவர் இரவு பத்து மணிக்கு அரிசி மூட்டையைத் தூக்கி வைப்பதா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போவதா என்று முடிவு எடுப்பது இன்றைய தண்ணீரைப் பார்த்துத்தான். நாகலகம் வீதியில் நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றின் மட்டத்தை இன்றும் அடிக் கணக்கில் அளக்கிறது. அந்த எண் ஒன்றைத் திரையில் போட்டால் போதும், என் பழைய வள்ளமும் சைரனும் எதற்கு? பொய் வெள்ளத்துக்கு இரண்டு முறை மூட்டை கட்டியவர் மூன்றாம் முறை உண்மையான வெள்ளத்துக்கு எழும்ப மாட்டார்.

என் தொழிலில் உள்ள இளம் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய காட்சியைப் பாவிக்கும்போது ஆண்டை மூலையில் போடாதீர்கள். இப்போது எல்லாம் போனுக்காக நிமிர்த்தி வெட்டுகிறோம். கிடையான படத்தை ஒன்பதுக்குப் பதினாறாக நிமிர்த்தினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது, மூலைகள்தான் முதலில் போகும். நடுவில், கீழ்ப் பாகத்தில், ஆட்களின் உடம்புக்கு மேலேயே எழுத்து வரும்படி போடுங்கள், அப்போதுதான் வெட்ட மனம் வராது. முதல் இரண்டு விநாடி காட்டிவிட்டு எடுத்துவிடாமல் காட்சி முடியும்வரை வைத்திருங்கள். பின்னணிக் குரல் இருந்தால் அதிலும் ஆண்டைச் சொல்லுங்கள். வீடியோவுக்கு மேலே எழுதும் குறிப்பு ஒருவர் கை மாறியதும் உதிர்ந்துவிடும், படத்துக்குள் எழுதியதும் குரலில் சொன்னதும்தான் கூடவே போகும். அழகாக இல்லை என்று சிலர் சொல்வார்கள். சரி, இல்லைதான்.

ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. பத்திரிகையில் பழைய படத்தைப் போட்டால் அடியில் "கோப்புப் படம்" என்று நீங்கள் அச்சிடுகிறீர்கள். அதையே இணையத்தளத்தில் வீடியோவாகப் போடும்போது நமது தமிழ் ஊடகங்கள் பல மறந்துவிடுகின்றன. "கோப்பு" என்று மட்டும் போட்டாலும் போதாது, எந்த ஆண்டுக் கோப்பு என்று வேண்டும்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எனக்கு உரிமை இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கு நான் வரவில்லை. யார் வேண்டுமானாலும் என் காட்சியை எடுத்துக்கொள்ளட்டும், காசும் வேண்டாம், பெயரும் வேண்டாம். 2016 என்று போடுங்கள், திருப்பிப் போடாதீர்கள், அந்தப் பெரியவரின் குரலை விட்டுவிடுங்கள்.

பிள்ளையைத் தோளில் வைத்து வந்த அந்தத் தாயோ அவருடைய வீட்டாரோ இதை வாசித்தால், தங்கள் முகம் இனி வர வேண்டாம் என்று நினைத்தால், என் கடை முகவரியை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் துண்டை என் பக்கத்தில் இருந்து வெட்டிவிடுகிறேன். மற்றவர்கள் எடுத்து வைத்திருப்பதற்கு நான் பொறுப்பாக முடியாது, ஆனால் அவர்களுக்கும் எழுதுவேன்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13