லாங்டாங்கே போகலாம், சேகர்

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பியதைப் படித்தேன். நேபாளத்தில் நாம் மலை ஏறப் போக நாலு பாதையையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் மார்க் வேறு போட்டிருக்கிறாய், ஆறாம் வகுப்பிலிருந்து நீ மாறவே இல்லை. பதில் போடத் தாமதமாகிவிட்டது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், நாலு நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். இப்போது நன்றாக இருக்கிறார், எழுத்தெல்லாம் தெரிகிறது என்று டிவியில் வருகிற விளம்பரங்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, மலைக்கு வருவோம். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குத்தான் முதல் மார்க் போட்டிருக்கிறாய். பேர் பெரிதுதான், ஊரில் வந்து சொன்னால் மறு கேள்வி இருக்காது. ஆனால் 5,364 மீட்டர் வரை மூச்சு வாங்க ஏறி அங்கே நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாதுடா, பக்கத்து மலை மறைத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க காலா பத்தர் என்று இன்னொரு மேடு ஏற வேண்டும். அப்புறம் நடை தொடங்குகிற லுக்லாவுக்குப் போகும் விமானம். மேகம் இறங்கினால் பறக்காது, சீசனில் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்தே கிளம்பாது, நடுராத்திரி வண்டியேறி நாலைந்து மணி நேரம் குலுங்கி ராமேசாப் போய் அங்கிருந்து ஏற வேண்டும். எனக்குக் கிடைக்கிற லீவு மொத்தம் 14 நாள். அதில் இரண்டு நாளை மேகம் தின்றுவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

உன் இரண்டாவது மார்க்கைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் லடாக் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வெட்கத்தில் உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. தண்டையார்பேட்டையில் கடல் மட்டத்தில் தூங்கி எழுந்தவன் மறுநாள் காலை 3,200 மீட்டருக்கும் மேலே லே விமான நிலையத்தில் நிற்கிறேன். பேக்கேஜ் போட்டுக் கொடுத்த ஆள் இரண்டாம் நாளே பாங்காங் ஏரியில் கூடாரம் என்று எழுதியிருந்தான், நானும் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். அந்த ஏரி 4,200 மீட்டருக்கும் மேலே. ராத்திரி பதினோரு மணிக்குத் தலைக்குள் யாரோ வெல்டிங் வைக்கிற மாதிரி வலி. வாந்தி. வெளியே போக ஷூ மாட்டிக்கொண்டு கயிறு கட்டப் பார்த்தேன், வரவில்லை. வலது கயிறா இடது கயிறா, எதன்மேல் எதைப் போடுவது என்று விரல் மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். மனைவி என் விரலில் மாட்டிப் பார்த்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கிற கருவி 71 சதவீதம் காட்டியது. டிரைவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், உடனே வண்டியை எடுத்தார். கொடுமை என்னவென்றால், பாங்காங்கிலிருந்து லேவுக்கு இறங்கும் வழியில் சாங் லா கணவாய் இருக்கிறது, அது 5,300 மீட்டருக்கும் மேலே. உயிர் பிழைக்கக் கீழே இறங்க வேண்டிய ஆள் முதலில் ஆயிரம் மீட்டர் மேலே போக வேண்டும்! வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்ததால் இன்று உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

அதனால் இப்போது எந்தப் பாதையைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: உடம்புக்கு முடியவில்லை என்றால் திரும்பி நின்று நேராகக் கீழே இறங்க முடியுமா? உன் அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் அது சிக்கல். தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர். அதைத் தாண்டினால்தான் முக்திநாத், தாண்ட முடியவில்லை என்றால் வந்த வழியே முழுக்கத் திரும்ப வேண்டும். 2014 அக்டோபரில் பனிப்புயல் அடித்து அந்தப் பகுதியில் 43 பேர் செத்துப்போனார்கள், அதுவும் நல்ல சீசன் என்று எல்லாரும் சொல்கிற மாதத்தில். தாண்டிய பிறகும் ஒரே நாளில் 1,600 மீட்டர் இறக்கம், உன் முட்டி தாங்குமா? அம்மாவுக்கு முக்திநாத் பார்க்க ஆசை என்றால், திவ்ய தேசமாயிற்றே, அவரைத் தனியாக ஜோம்சோம் பக்கம் வண்டியிலேயே அழைத்துப் போ. ஆனால் அதுவும் 3,700 மீட்டருக்கு மேல், டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதே. அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர்தான், ஆனால் வழியெல்லாம் கல் படிக்கட்டு, ஏறி இறங்கி மறுபடி ஏறி.

நீ கடைசி மார்க் போட்ட லாங்டாங்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. காத்மாண்டுவிலிருந்து பஸ்ஸிலேயே சியாப்ருபேசி போய்விடலாம், ரோடு மோசம், ஒரு பகல் முழுக்க ஆகும், ஆனால் விமானத்துக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். சுமார் 1,500 மீட்டரில் ஆரம்பித்து ஒரே பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக ஏறுகிறோம். எந்த இடத்தில் தலை சுற்றினாலும் திரும்பினால் இறக்கம்தான். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், முந்தின ராத்திரி படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்து படுக்கக் கூடாது என்பார்கள். எல்லாரும் லாமா ஹோட்டல் என்கிற ஊரில் தங்கிவிட்டு மறுநாளே ஆயிரம் மீட்டர் ஏறி லாங்டாங் கிராமத்துக்குப் போகிறார்கள். நாம் நடுவில் கோடா தபேலாவில் ஒரு ராத்திரி படுப்போம். அப்புறம் லாங்டாங் 3,430, கியாஞ்சின் கோம்பா 3,870, அங்கே ஒரு நாள் சும்மா உட்கார்ந்து யாக் பால் சீஸ் சாப்பிடுவோம், 1950களில் ஸ்விட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய சீஸ் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. முட்டி ஒத்துழைத்தால் பக்கத்திலிருக்கும் செர்கோ ரி மலை ஏறுவோம், இல்லாவிட்டால் கீழேயிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டு வருவோம்.

ஒன்று சொல்ல வேண்டும். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் சரிந்து பழைய லாங்டாங் கிராமத்தையே மூடிவிட்டது. இப்போதைய பாதை அந்தக் கற்குவியல் மேல்தான் போகிறது. மிஞ்சியவர்கள் பக்கத்திலேயே வீடு கட்டி, நம்மைப் போன்றவர்களுக்குத் தங்க இடமும் சோறும் கொடுத்துப் பிழைக்கிறார்கள். 2004 டிசம்பரில் அலை வந்துபோன பிறகு காசிமேட்டில் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

மாதம்? அக்டோபர் நவம்பரில் வானம் துல்லியமாக இருக்கும் என்கிறாய், நிஜம்தான். ஆனால் அப்போது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், வீட்டில் இவர்களை ஃபிரிட்ஜைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கச் சொல்லிவிட்டு நான் மலைக்குப் போனால் திரும்பி வர வீடு இருக்காது. ஏப்ரலில் போவோம். மத்தியானத்துக்கு மேல் மேகமும் மூட்டமும் வரும், விடியற்காலையில் பார்த்துக்கொள்ளலாம். காடு முழுக்க ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும்.

பயிற்சி ஆரம்பித்துவிட்டேன். பத்து கிலோ அரிசிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ரயில்வே நடைமேம்பாலத்தில் இருபது தடவை ஏறி இறங்குகிறேன். நேற்று டீக்கடைப் பையன், "அண்ணே, தினமும் தேடுறீங்களே, என்ன தொலைஞ்சுச்சு?" என்று கேட்டான்.

உனக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாது, அதனால் மலை ஏற எல்லாரும் போடுகிற அசிட்டசோலமைடை உன் டாக்டரைக் கேட்காமல் தொடாதே. ஆதார் போதும் என்று எழுதியிருந்தாய், விமானத்தில் நேபாளம் போக அது செல்லாது, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். விசா வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து கைடு கட்டாயம் என்று விதி போட்டிருக்கிறார்கள், நான் இரண்டு பேரிடம் ரேட் கேட்டிருக்கிறேன்.

உன் பாஸ்போர்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து இந்த வாரத்துக்குள் சொல். அடுத்த மாதம் நீ வரும்போது பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டுக்கொண்டே டிக்கெட் போட்டுவிடலாம்.

உன்,
குமார்